லாக் எல்லாம் சொல்லிவிடும், ஆண்டவரும் எல்லாம் அறிவார் – அப்புறம் மர்மம் எங்கே?

கேள்வி: 6 பிப்ரவரி, மாலை

ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு மிஷன் மருத்துவமனை, அதன் சர்வர் அறை, காணாமல் போகும் நன்கொடைப் பணம், துப்பறியும் ஒரு நெட்வொர்க் இன்ஜினியர். கிறிஸ்தவ நாவலாகவே எழுத ஆசை. முதல் இரண்டு அத்தியாயத்தைப் படித்த நண்பன் ஒரே போடாகப் போட்டுவிட்டான்: "நெட்வொர்க்கில் எல்லாம் லாக்கில் இருக்கும், மூன்றாம் பக்கத்தில் ஆள் மாட்டிவிடுவான். கிறிஸ்தவக் கதை என்றால் ஜெபம் பண்ணினதும் ஆண்டவர் காட்டிக்கொடுத்துவிடுவார். இரண்டிலும் மர்மத்துக்கு இடமே இல்லை." அவன் சொல்வது சரிதானா? இந்த வேலையில் இருக்கும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

6 பிப்ரவரி, இரவு

தம்பி, உங்கள் நண்பர் லாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்கு அதுதான் பிழைப்பு.

லாக் என்பது மெஷின்கள் தாமாகவே நேரம் போட்டு எழுதி வைக்கும் பதிவு. அதில் ஆள் இருக்க மாட்டார். ஒரு ஐபி முகவரி இருக்கும், நெட்வொர்க்கில் ஒரு மெஷினுக்குக் கொடுக்கப்படும் எண். அந்த நேரத்தில் அந்த முகவரி எந்த மெஷினுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியின் பதிவில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மேக் அட்ரஸ் கிடைக்கும், அந்த மெஷினின் நெட்வொர்க் கார்டுக்கு உரிய எண். அது எந்த ஸ்விட்சில் (கேபிள்களை இணைக்கும் பெட்டி), அதில் எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) என்று தேட வேண்டும். போர்ட்டிலிருந்து கேபிள்கள் வந்து சேரும் பலகையான பேட்ச் பேனல், அங்கிருந்து சுவருக்குள் ஓடும் கேபிள், கடைசியில் ஒரு மேசை. கேபிளில் எண் எழுதி ஒட்டியிருந்தால் பாக்கியம். பெரும்பாலும் பிளாஸ்டர் உரிந்து போயிருக்கும், அல்லது மூன்று வருஷத்துக்கு முன் இடம் மாறிப்போன துறையின் பெயர் இருக்கும்.

இவ்வளவும் செய்து மேசைக்கு வந்துவிட்டோம். அந்த நாற்காலியில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தார் என்று எந்த ஸ்விட்சும் எழுதி வைப்பதில்லை. நாவலுக்கு அந்த இடைவெளி போதும்.

7 பிப்ரவரி, காலை

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபின் வேதத்தில் யோசுவா 7ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. யாரும் எடுக்கக் கூடாது என்றிருந்த எரிகோவின் கொள்ளையில் ஒருவன் கைவைத்துவிட்டான்: ஒரு பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச்சேக்கல், 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளம். யாரென்று தெரியாது. காலையில் இஸ்ரவேலர் கோத்திரம் கோத்திரமாக வருகிறார்கள், யூதா குறிக்கப்படுகிறது. அதில் ஒரு வம்சம், அதில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஆகான்.

ஒரு மேக் அட்ரஸைத் தேடும்போது நான் போவதும் இதே வரிசையில்தான். நடுவில் இருக்கும் கோர் ஸ்விட்சில் கேட்டால், அடுத்த ஸ்விட்சுக்குப் போகும் இந்த அப்லிங்க் பக்கம் போய்ப் பார் என்கிறது. அங்கே உள்ள ஸ்விட்சுக்குள் போய்க் கேட்டால் மூன்றாம் மாடி என்கிறது. மூன்றாம் மாடியில் கேட்டால் பதினேழாவது போர்ட். உங்கள் இன்ஜினியர் ஒரு இரவு முழுக்க இதைச் செய்வதை எழுதுங்கள். ஆகான் பெயரையே எடுக்க வேண்டாம், வேதம் வாசிப்பவனுக்குத் தானே தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வருவது. கர்த்தரே ஆள் வரைக்கும் குறித்துக் காட்டிவிட்டார். அதன் பிறகும் தலைவர் யோசுவா அவனை "மகனே" என்று கூப்பிட்டு, நீ செய்ததை எனக்குச் சொல், ஒளிக்காதே என்று கேட்கிறார். தெரிந்துவிட்ட பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? சாதாரணத் துப்பறியும் கதை ஆள் தெரிந்த இடத்தில் முடிகிறது. உங்களுடையது அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போக வேண்டும். அவன் வாயால் வர வேண்டும், அதுவும் மிரட்டாமல் வர வேண்டும். அதைத்தான் எழுதுவது கஷ்டம்.

7 பிப்ரவரி, இரவு

ஆகானோடு அவன் பிள்ளைகளும் கல்லெறியுண்டதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அந்த வசனத்தைக் கடப்பது எனக்கும் கஷ்டம். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18இல் வருகிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் யோசுவா 7ஐ வாசிக்கிறேன்.

நாவலுக்கு இது வெளிக் கேள்வி இல்லை. ஒரு மெஷினில் கோளாறு என்று அவசரத்தில் அப்லிங்க்கையே மூடினால் மாடி முழுக்க அடங்கிவிடும். நர்ஸ் ஸ்டேஷனில் ரிப்போர்ட் வராது, ஃபார்மசியில் பில் போடாது. ஒருவனைப் பிடிக்க எத்தனை பேரைத் துண்டிக்கலாம் என்று உங்கள் இன்ஜினியர் முடிவெடுக்க வேண்டிய ஒரு இரவு கட்டாயம் வேண்டும். நிர்வாகம் "எல்லாத்தையும் நிறுத்து" என்று சொல்லட்டும். அவர் ஒரே ஒரு போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கட்டும்.

8 பிப்ரவரி

ஜெபம் பண்ணினால் ஆண்டவர் காட்டிக்கொடுத்துவிடுவார் என்ற மறுபாதிக்கு இப்போது வருகிறேன்.

துப்பறியும் கதைக்கு 1929இல் பத்து விதிகள் எழுதியவர் ரொனால்ட் நாக்ஸ். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவர் போட்ட இரண்டாம் விதியே, இயற்கைக்கு அப்பாற்பட்ட எதையும் கதைக்குள் கொண்டுவந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பதுதான். 1930இல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் ஒரு கிளப் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜி.கே. செஸ்டர்டன், ஒரு பாதிரியாரையே துப்பறிவாளராக்கியவர். தெய்வ வெளிப்பாட்டை வைத்து வழக்கைத் தீர்க்க மாட்டோம் என்பது அங்கே சேருகிறவர்கள் எடுக்கும் உறுதிமொழியில் உண்டு. டோரதி சேயர்ஸும் அதில் ஒருவர். ஆங்கிலிக்கன் சபையில் ஊறியவர், பிற்காலத்தில் தாந்தேயை மொழிபெயர்த்தவர்.

இவர்கள் யாரும் ஜெபத்தை நம்பாதவர்கள் இல்லை. புத்தியும் ஆண்டவர் கொடுத்ததுதான், அதை வேலை வாங்காமல் தரிசனத்துக்குக் காத்திருப்பது சோம்பல் என்று நினைத்தவர்கள். செஸ்டர்டனின் பாதிரியார் வரும் முதல் கதை 1910இல் வந்தது. குரு வேடத்தில் வந்த திருடன் குரு இல்லை என்று அவர் எப்படி உறுதி செய்துகொண்டார் தெரியுமா? அவன் பகுத்தறிவைத் தாழ்த்திப் பேசினான், உண்மையான குரு அப்படிப் பேச மாட்டார் என்கிறார்.

அதனால் உங்கள் இன்ஜினியர் தாராளமாக ஜெபிக்கட்டும். ஆனால் "யார் என்று காட்டும் ஆண்டவரே" என்று ஜெபித்தால் கதை படுத்துவிடும். "பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்ல விடாதேயும்" என்று ஜெபித்துவிட்டு அதே லாக்கை மறுபடி ஒரு தடவை பார்க்கட்டும்.

9 பிப்ரவரி

பணம் எப்படிப் போனது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். பேங்க் சர்வரை உடைப்பது, பச்சை எழுத்து ஓடும் திரை, இதெல்லாம் வேண்டாம். நடைமுறையில் பணம் போவது ஒரு கடிதத்தால். கணக்குப் பிரிவின் மெயில் பெட்டியில் யாரோ ஒரு ஃபார்வேர்டு ரூல் போடுகிறார். அதன்பின் நன்கொடையாளர் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் வெளியே போகிறது. சரியான சமயத்தில், மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து "எங்கள் கணக்கு எண் மாறியுள்ளது" என்று ஒரு கடிதம். அவ்வளவுதான். கையெழுத்துக்கு மேலே ஒரு வசனமும் இருக்கும், ஏனென்றால் எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பதை அவன் படித்து வைத்திருக்கிறான்.

நன்கொடையாளரை உள்நாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை புதுடெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். கணக்கு மாறிவிட்டது என்ற கடிதத்தை விவரம் தெரிந்த வெளிநாட்டு அமைப்பு நம்பாது.

9 பிப்ரவரி, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, உங்கள் கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரூல் போடப்பட்ட நேரம் மெயில் சர்வர் லாக்கில் 02:10. இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் இருப்பது நைட் டியூட்டி பையன் மட்டும்தான். எல்லாரும் அவனைப் பார்க்கிறார்கள். நிர்வாகம் அவனை நிறுத்தி வைக்கிறது. பத்து அத்தியாயத்துக்கு அப்புறம் இன்ஜினியர் கவனிக்கிறார்: அந்த சர்வர் நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதுகிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அப்படியானால் காலை 7:40.

மிஷன் மருத்துவமனையில் காலை 7:40க்கு எல்லாரும் எங்கே இருப்பார்கள்? சேப்பலில், காலை ஜெபத்தில். அலுவலகம் காலி. இரவில் யார் இருந்தார் என்ற கேள்வி, அன்று காலை ஜெபத்துக்கு யார் வரவில்லை என்று மாறிவிடுகிறது. சேப்பலில் லாக் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஞாபகம்தான்.

10 பிப்ரவரி

ஒரு நேரத்தை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய குற்றச்சாட்டா என்று கேட்டவருக்கு: நியாயம். உபாகமம் 19இல் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்றுதான் இருக்கிறது. இரண்டாவது சாட்சி இதோ.

சிஸ்கோ கம்பெனியின் ஸ்விட்சுகள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. நேரம் சொல்லும் சர்வரோடு இணைத்து வைக்காவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் அதன் நேரம் 1993 மார்ச் 1, நள்ளிரவு என்று தொடங்கும். லாக் வரிகள் எல்லாம் மார்ச் 1 என்று வரும். அந்த வரிகளுக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரக் குறி நிற்கும். இந்த நேரத்துக்கு நான் பொறுப்பில்லை என்று அந்தப் பெட்டியே சொல்லும் அடையாளம் அது. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

உங்கள் கணக்குப் பிரிவின் வராண்டாவில் இருக்கும் பழைய ஸ்விட்சுக்கு யுபிஎஸ் இல்லை என்று வையுங்கள். அதன் லாக்கில் ஒரு வரி: நட்சத்திரம், மார்ச் 1, 03:12, இன்ன போர்ட் உயிர் பெற்றது. யாரோ லேப்டாப்பில் கேபிளைச் செருகியிருக்கிறார். எந்த நாள் 03:12? யாருக்கும் தெரியாது. ஆனால் மருத்துவமனை எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டர் ரிஜிஸ்டரில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார்: கரண்ட் வந்தது காலை 4:25. அதோடு மூன்று மணி பன்னிரண்டு நிமிஷத்தைக் கூட்டுங்கள். ஸ்விட்ச் எழுந்து வர ஆகும் இரண்டு மூன்று நிமிஷத்தையும் சேருங்கள். 7:40.

எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நல்ல பெயரும் ஒரு முழு அத்தியாயமும் கொடுங்கள். அந்த ரிஜிஸ்டரை யாரும் கேட்டதே இல்லை, ஆனாலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

12 பிப்ரவரி

நைட் டியூட்டி பையனை ஏன் இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்தேன் என்று கேட்டீர்கள்.

பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடம். மேலதிகாரியைப் பற்றி அசிங்கமாக ஒரு மெயில் எல்லாருக்கும் போய்விட்டது. லாக் எடுத்துக் கொடு என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். லாகின் பெயர் இருபத்து மூன்று வயசுப் பையன் ஒருவனுடையது. அறிக்கையில் நான் தெளிவாக எழுதியிருந்தேன்: இந்தக் கணினியை ஷிஃப்டில் நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள், பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது, இது ஆளைக் காட்டும் ஆதாரம் அல்ல. அந்தப் பாராவை யாரும் படிக்கவில்லை. பெயர் இருந்த வரியை மட்டும் மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். பையன் நான் இல்லை சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த வாரமே ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். செய்தது யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. தேடவும் இல்லை, ஒரு பெயர் கிடைத்துவிட்டது அல்லவா.

அவன் கிளம்பும்போது என்னிடம் கேட்டது: "அண்ணே, மெஷின் பொய் சொல்லுமா?" மெஷின் பொய் சொல்லவில்லை தம்பி, அதை வாசித்தவர்கள்தான் என்று சொன்னேன். அவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கிறிஸ்தவ நாவல் என்று எழுதப்போகிறவர் யாராயிருந்தாலும் அந்தப் பையனை மறக்காமல் எழுதினால் எனக்குப் போதும்.

13 பிப்ரவரி

மேக் அட்ரஸ் கைரேகை மாதிரி, அதை மாற்ற முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாற்றலாம், ஒரு கட்டளைதான். இப்போதைய போன்கள் வைஃபைக்கு வைஃபை தாமாகவே வேறு வேறு முகவரி காட்டுகின்றன. ஒரு அடையாளம் உண்டு: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி பதித்தது அல்ல, மென்பொருள் வைத்தது. உங்கள் இன்ஜினியர் பட்டியலில் கண்ணை ஓட்டும்போது அந்த இரண்டாவது எழுத்தில் விரல் நிற்கட்டும். வாசகனுக்கு விளக்கம் நாலு பக்கம் தள்ளிச் சொன்னால் போதும்.

14 பிப்ரவரி

வேதத்தில் துப்பறியும் கதை வேறு இருக்கிறதா என்ற கேள்வி. இருக்கிறது, ஆனால் என்னைப் போல சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) வீட்டில் வளர்ந்தவர்கள் கையில் இருக்கும் வேதாகமத்தில் இல்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேல் புத்தகம் 14 அதிகாரம். நம்முடையது 12இல் நிற்கிறது. அந்தக் கடைசி இரண்டும் அசல் துப்பறியும் கதைகள். முதல் தடவை ஒரு கத்தோலிக்க நண்பர் வீட்டில் வாசித்தபோது, இவ்வளவு காலம் இதை விட்டுவைத்தோமே என்றிருந்தது.

14இல் பேல் கோயில். நாள்தோறும் பன்னிரண்டு பெரிய அளவு மாவு, நாற்பது ஆடு, ஆறு குடம் திராட்சரசம் படைக்கிறார்கள், காலையில் எல்லாம் காலி. சாமி சாப்பிடுகிறது என்று ராஜா நம்புகிறார். தானியேல் ராஜாவின் கண்முன் தரையெங்கும் சாம்பல் தூவுகிறார். கதவைப் பூட்டி ராஜாவின் முத்திரை வைக்கிறார்கள். காலையில் முத்திரை அப்படியே இருக்கிறது, உணவு இல்லை. சாம்பலில் ஆண், பெண், குழந்தைகள் காலடி. மேசைக்கு அடியில் ரகசிய வழி.

நான் செய்யும் வேலையும் பாதி அந்தச் சாம்பல்தான். முக்கியமான விஷயம், தானியேல் அதை முன்கூட்டியே தூவினார். திருட்டுக்கு அப்புறம் லாக்கை ஆன் பண்ணிப் பிரயோஜனமில்லை. இதை எத்தனை நிர்வாகக் கூட்டத்தில் சொல்லியிருப்பேன்!

13 சூசன்னாள் கதை. இரண்டு மூப்பர்கள் சேர்ந்து அவள்மேல் பொய்ப்பழி போடுகிறார்கள். இரண்டு சாட்சிகள், ஒரே வாக்குமூலம், சட்டப்படி எல்லாம் சரி. தானியேல் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று தனித்தனியே கேட்கிறார். ஆளுக்கு ஒரு மரம் சொல்கிறார்கள்.

10ஆம் தேதி இரண்டு சாட்சி போதும் என்கிற மாதிரி எழுதியிருந்தேன், இதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரே சர்வரில் இருக்கும் ஐந்து லாக் ஐந்து சாட்சி ஆகாது. அந்த சர்வருக்குள் புகுந்தவன் ஐந்தையும் ஒரே மாதிரி திருத்திவிடலாம். மெயில் சர்வர், வராண்டா ஸ்விட்ச், எலக்ட்ரீஷியனின் நோட்டு, இவை மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. அதனால்தான் அவை ஒரே நேரத்தைச் சொல்லும்போது நம்பலாம்.

16 பிப்ரவரி

பங்குத்தந்தையிடம் குற்றவாளி பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறான், அவர் இன்ஜினியருக்குச் சாடையாகக் குறிப்புக் கொடுக்கிறார் என்று உங்கள் புதிய சுருக்கத்தில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். கத்தோலிக்க வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். திருச்சபைச் சட்டம் 983: வார்த்தையாலோ வேறு எந்த விதத்திலோ, எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்கக் கூடாது. 984 இன்னும் ஒரு படி மேலே: கேட்டறிந்ததை அந்த ஆளுக்குப் பாதகமாக எதற்கும் பயன்படுத்தவே கூடாது. சாடை, முகக்குறி, ஒரு கதவைத் திறந்து வைப்பது, எல்லாம் இதில் அடக்கம்.

சட்டத்தை மீறாமல் எழுதினால்தான் நெஞ்சை அடைக்கும். நைட் டியூட்டி பையன் அதே பங்கைச் சேர்ந்தவன். அவன் அம்மா வந்து அழுகிறாள். சாமியாருக்கு உண்மை தெரியும், "உங்களுக்காகச் செபிக்கிறேன் அம்மா" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. குற்றவாளியிடம் பாவசங்கீர்த்தனத்தின்போது சொல்லியிருப்பார், போய் நீயே ஒப்புக்கொள் என்று. அவன் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருகிறான், சொல்லவில்லை.

மருத்துவமனை சி.எஸ்.ஐ. என்றால் வேறு கதை. அங்கே பாவ அறிக்கை எல்லாரும் சேர்ந்து சொல்வது. ஆயரிடம், அதாவது சபைப் போதகரிடம், ஒருவன் தனியாக வந்து சொன்னால், அவர் கையைக் கட்ட அப்படியொரு சட்டம் இல்லை. மனசாட்சிதான். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதிக் கதையில் ஃபாதர், பாதிக் கதையில் ஐயர் (சி.எஸ்.ஐ. போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று வரக் கூடாது.

18 பிப்ரவரி

இன்ஜினியர் பொய்யான நன்கொடைக் கடிதம் ஒன்றைத் தயாரித்து மெயில் பெட்டியில் போட்டு, குற்றவாளி அதைத் தொடுகிறானா என்று பார்க்கலாமா? நல்ல யோசனை, நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி வாடகைக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதைத் துரத்தியவர் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர். உள்ளே நுழைந்தவன் தொலைபேசி வழியாக ஜெர்மனியிலிருந்து வருகிறான், ஆனால் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை இணைப்பில் நிற்பதில்லை. அவனை நிறுத்தி வைக்க ராணுவ ரகசியம் போல மலை மலையாகப் பொய்க் கோப்புகளை எழுதி வைத்தார். அவன் நின்று படித்தான், மாட்டினான். ஹானோவரில் இருந்துகொண்டு சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த கூட்டம்.

உலகத்தார் கதையில் இது சாமர்த்தியம். உங்கள் இன்ஜினியர் விசுவாசி, அவருக்கு ஒரு ராத்திரித் தூக்கமாவது போக வேண்டும். இந்தக் கேள்வி 1,600 வருஷப் பழசு. பிரிசில்லியன் கூட்டத்தார் என்று ஸ்பெயினில் ஒரு மறைமுகக் குழு. அவர்களைக் கண்டுபிடிக்க நாமும் அவர்களைச் சேர்ந்தவர்கள் போல நடிக்கலாமா என்று கோன்சென்சியுஸ் என்பவர் கேட்க, கூடாது, பொய்யைப் பொய்யால் வேட்டையாடாதே என்ற பொருளில் அகுஸ்தீன் 420 வாக்கில் ஒரு நூலே எழுதினார்.

18 பிப்ரவரி, மதியம்

ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்டபோது, அதை வெட்டிப் பங்கிடச் சாலொமோன் ராஜா வாளைக் கொண்டுவரச் சொன்னது பொய் இல்லையா என்று உடனே பதில் வந்துவிட்டது. நல்ல அடி. அகுஸ்தீன் பக்கம் சாய்ந்தே நான் எழுதினேன், ஆனாலும் 1 இராஜாக்கள் 3ஐ என்னால் தள்ள முடியவில்லை. தாயைக் கண்டுபிடித்தது அந்த வாள்தான். இரண்டையும் இரண்டு பாத்திரங்கள் வாயில் கொடுங்கள், யார் சொல்வது சரி என்று நாவல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

19 பிப்ரவரி

2 இராஜாக்கள் 6ஐ நினைவுபடுத்திய ஐயாவுக்கு நன்றி. சீரியா ராஜா போடும் திட்டமெல்லாம் எதிரிக்குப் போகிறது. நம்மில் யார் உளவாளி என்று அவன் தன் ஆட்களையே சந்தேகிக்கிறான். படுக்கையறையில் பேசுவதையும் இஸ்ரவேலின் தீர்க்கதரிசி எலிசா சொல்லிவிடுகிறார் என்று ஓர் ஊழியன் சொல்கிறான். ராஜா முதலில் சந்தேகித்தது உள்ளே இருப்பவர்களை, நிர்வாகம் எப்போதும் செய்வது அதுதான்.

22 பிப்ரவரி

குற்றவாளியின் அறிக்கை எப்படி வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது 1988 நவம்பர் 2 ஞாபகம் வந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தானாகப் பரவும் ஒரு நிரலை (புழு என்பார்கள்) எம்.ஐ.டி. கணினியிலிருந்து இணையத்தில் விட்டார். அவர் நினைத்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் பரவி மெஷின்களை முடக்கிவிட்டது. பயந்துபோய் நண்பரிடம் சொன்னார். நண்பர் பெயர் போடாமல், மன்னிப்பையும் புழுவை நிறுத்தும் வழியையும் எழுதி நெட்வொர்க்கில் அனுப்பினார். அந்தச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதைக் கடத்த வேண்டிய நெட்வொர்க்கே அந்தப் புழுவால் திணறிக்கொண்டிருந்தது, பல இடங்களில் இணைப்பைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

அவருடைய அப்பா அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி. 1990இல் மகனுக்குத் தீர்ப்பு: மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

தாமதமாகப் போன அந்த மன்னிப்பை யோசித்துப் பாருங்கள் தம்பி. உங்கள் குற்றவாளியும் முன்னமே ஒரு தடவை சொல்ல முயன்றிருக்கட்டும். பையனை நிறுத்தி வைத்த அன்று இரவு, இயக்குநருக்கு ஒரு மெயில் எழுதியிருக்கிறான். இன்ஜினியர் அன்றுதான் ஜாக்கிரதைக்காக அந்த மெயில் பெட்டியை முடக்கி வைத்தார். கடிதம் வரிசையில் நின்று, ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. அனுப்பியவனுக்கு மறுபடி தைரியம் வரவில்லை. திரும்பி வந்த மெயிலின் பதிவு சர்வரில் கிடக்கிறது. இன்ஜினியர் கடைசியில் கண்டெடுப்பது குற்றத்தின் தடயத்தை அல்ல, அந்த அறிக்கையின் தடயத்தை. அனுப்பியவர் முகவரியும் தேதியும் மட்டும் தெரியும், உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாது.

அவனைப் போய்ப் பார்த்து, "அன்றைக்கு நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே, இப்போது சொல்லுங்கள்" என்று கேட்கலாம். மிரட்டல் தேவையில்லை.

25 பிப்ரவரி

கடைசி அத்தியாயம் கைது, மனந்திரும்புதல், பாட்டு என்று முடிகிறது என்கிறீர்கள். கைது இருக்கட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவு வரும், லாக்கை நீதிமன்றத்தில் வைக்க இப்போது 2023 பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் வேண்டும், இவற்றை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுங்கள்.

மிச்சப் பக்கமெல்லாம் நைட் டியூட்டி பையனுக்கு. வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான், மனந்திரும்பினேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடவில்லை. பணம் திரும்பி வரலாம். பையனின் பெயரை யார் திருப்பித் தருவது? அவனை நிறுத்தியபோது காலை ஜெபத்தில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி எச்சரித்தார்கள் என்று நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதே சேப்பலில், அதே நேரத்தில், இயக்குநர் எழுந்து நின்று பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியறையில் கைகுலுக்கி அனுப்புவது போதாது. பையன் வேலைக்குத் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வர மாட்டேன் என்று அவன் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

அந்த அத்தியாயம் முடிந்ததும் இங்கே போடுங்கள். ஸ்விட்ச் லாக் வரிகளை நான் எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தருகிறேன், நட்சத்திரக் குறி உட்பட.